என்னிடம் சொன்னதற்கு, வசு

வசும்மா,

ரப்பர் பால் ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிறேன். சோறும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போ. பக்கத்து வீட்டு நாச்சம்மையோடு சேர்ந்தே பஸ்ஸுக்கு நட. அம்மா லோபாக்கில் பெரியம்மா வீட்டிலிருந்து சாயங்காலம் வந்துவிடுவாள்.

நீ பழகுகிற அந்தப் பையன் கிருபா உன் கையை முறுக்கியதையும், தோழிகளோடு பேசக்கூடாது என்று மிரட்டியதையும் நேற்று என்னிடம் சொன்னாயே, அதற்கு நன்றிம்மா. வேறு யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் நொறுங்கிப் போயிருப்பேன். உன்மேல் ஒரு தப்பும் இல்லை.

நீ கேட்டுக்கொண்டபடி அவனை அடிக்கப் போகமாட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை, ஆனாலும் போகமாட்டேன். அவன் அப்பாவிடம் கட்டாயம் பேசுவேன். அதற்கு நீ என்னை முறைத்தாலும் பரவாயில்லை.

அப்பா

இன்னொன்று. "பாசம் இருக்கறதாலதானப்பா அவன் கோவப்படறான்?" என்று கேட்டாய். இப்போது சொல்கிறேன். நானும் கோபக்காரன்தான். ஆனால் என் லாரி சத்தம் கேட்டால் உன் அம்மா வாசலுக்கே வந்து, "ஏங்க இவ்ளோ லேட்டு? சாப்பாடு ஆறிப்போச்சுலா!" என்று திட்டுவாள். ஒருநாளும் பயந்ததில்லை. உன்னால் கிருபாவை அப்படித் திட்ட முடிந்ததா, யோசித்துப் பார்.