நெடுந்தீவு என்று சொன்னேன்

மொன்ட்ரியால்,
பங்குனி 2007

அன்பின் பிரியந்தி,

நீயும் பிள்ளைகளும் சுகமென்று நம்பித்தான் எழுதுகிறேன். எனக்கும் சுகம்.

நான் வேலை செய்யும் விமான நிலையத்தில் ஒரு பெட்டி விழுந்த சத்தத்துக்கு நான் நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் மட்டும் சிரிக்காமல் என்னை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். பயப்படாதே, எனக்கு விசரில்லை.

அந்த வெள்ளைக்காரி மெதுவாகத்தான் கேட்டாள். அங்கே ஆமி முகாமில் என்னை விசாரித்தவனும் மெதுவாகத்தான் தொடங்கினான். மொழிபெயர்க்க வந்த தமிழர், "அண்ணை எந்த ஊர்?" என்றார். முகாமில் அவனும் முதலில் அதைத்தான் கேட்டான். எங்கள் ஊர் பேசாலையை மறைத்து, "நெடுந்தீவு" என்றேன்.

"நானும் நெடுந்தீவுதான்! எந்தப் பக்கம்?"

ஆள் உளவாளியேதான் என்று கதிரையைக் கதவுப் பக்கம் தள்ளினேன்.

அப்போது வெளியே யாரோ கதவை அடித்துச் சாத்தினார்கள். நான் குனிய முன்னமே அந்தத் தமிழர் மேசைக்குக் கீழே இருந்தார்.

"தம்பி, நான் பேசாலை" என்றேன்.

அவரை இன்னும் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் அடுத்த கிழமை போவேன். உன் பழைய சேலையொன்று அனுப்பு, தலையணைக்குச் சுற்ற.

பஸ் வருகிறது. சின்னவள் இன்னும் கட்டிலுக்குக் கீழேதான் படுக்கிறாளா? அடிக்காதே. அது குழப்படி இல்லையாம், காயமாம். அந்த வெள்ளைக்கார அம்மா சொன்னார்.

உன்,
றெனோல்ட்