முன் சக்கரத்துக்கு இருபத்து நாலு

மாப்பிள்ளை,

நேற்று சாயங்காலத்திலிருந்து எங்கள் வீட்டு ஆணியில் இரண்டு புது டயர்கள் தொங்குகின்றன. கதவைச் சாத்தினால் ரப்பர் வாசனை மூக்கை அடைக்கிறது. சோற்றிலும் அந்த வாசனைதான். வெளியே மாட்டுங்கள் மாமா என்று மருமகள் சொல்லிப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. இப்போது அவளையே உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுத வைத்திருக்கிறேன். எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. அது உங்களுக்குத் தெரிந்த சங்கதிதானே.

டயர் உங்கள் கியர் சைக்கிளுக்கு வாங்கியது. நீங்கள் போட்டிருந்ததில் முன் டயர் வழுக்கையாகிவிட்டது. பின் டயரில் நூல் தெரிகிறது.

சர்க்கரை கூடிப்போய், உடம்பை அசைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, ஓசூரில் வேலை பார்க்கும் உங்கள் மகன் அந்தச் சைக்கிளைப் பழையதாக வாங்கி வேனில் ஏற்றி அனுப்பினான். எண்பது கிலோ ஆள் அதில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து ஊரே சிரித்தது. முதலில் சிரித்தவன் நான். நீங்கள் சட்டை செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்ப் பையன்கள் வத்தல்மலை ஏற வருவார்களே, முதல் வளைவு டீக்கடையில் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். ஒவ்வொரு சைக்கிளாகக் குனிந்து டயரைத் தடவிப் பார்ப்பீர்கள். எது எதற்கு என்று கேட்பீர்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான், முன்னுக்குப் பெரிய ரப்பர்ப் பட்டன் தள்ளித் தள்ளி வைத்த டயர், பின்னுக்குச் சின்னப் பட்டன் நெருக்கமாக வைத்த டயர் என்று தேடி வாங்கினீர்கள். ஜோடி மாறிக் கிடக்கிறதே என்றேன். "முன்னது பிடிக்கணும், பின்னது உருளணும் மச்சான்" என்றீர்கள்.

இன்னொரு நாள் உங்கள் வாசலில் பம்பை வைத்துக் காற்றடித்துவிட்டு, அடித்ததைப் புஸ்ஸென்று திறந்து விட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க மாப்ள, அடிச்ச காத்தையே புடுங்கி வுடறீங்க?"

"சரளைக்கல்லு மேல போறப்ப டயரு கொஞ்சம் அமுங்கணும் மச்சான். அமுங்குனாத்தான் மண்ணைப் பிடிக்கும். இறுக வெச்சா எகிறிடும்."

"அம்பது வருசமா சைக்கிள் மிதிக்கறேன். கட்டை வெரலை வெச்சு அமுக்குனா கல்லு மாதிரி இருக்கணும். அதாங்க காத்து."

"அது ரெண்டு மூட்ட ஏத்தற சைக்கிளுக்குங்க. இது வேற மாடு."

"மாடுன்னா ஒரு மூக்கணாங்கயிறு போடுங்க."

"போட்டா நீங்க புடிச்சுக்கிட்டு வருவீங்களா? மூச்சு வாங்குமே" என்று சிரித்தீர்கள். ஆனால் ரொம்ப இறக்கினாலும் ஆகாது, கல் மோதி ட்யூபைக் கடித்துவிடும் என்று அன்றைக்கே சொன்னீர்கள். முன்னுக்கு முப்பது, பின்னுக்கு முப்பத்திரண்டு. பம்பு மீட்டரில் முள் நின்ற இடத்தை நான் பார்த்துக்கொண்டேன். ஒருமுறை பார்த்தால் எனக்கு மறக்காது.

அடுத்து நான் சொன்னதை எழுதலாமா என்று மருமகள் கேட்கிறாள். எழுதம்மா.

உங்கள் சைக்கிள் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது மாப்பிள்ளை. மாட்டுப்பட்டியிலிருந்து தார் ரோட்டுக்குப் பாலைக் கொண்டு வரும் பாதை எப்படிப்பட்டதென்று உங்களுக்குத் தெரியும். முழுக்க ஏற்ற இறக்கம், சரளை. என் பழைய சைக்கிளை ஏற்றத்தில் தள்ளித்தான் போக வேண்டும். முழங்கால் விட்டுப்போன பிறகு அதுவும் முடியவில்லை. அதே ஏற்றத்தில் நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு மிதித்துப் போனீர்கள். ஆனால் வாய்விட்டு ஒருநாள் இரவல் கேட்கவும் எனக்கு நாக்கு எழவில்லை. பொண்ணு கொடுத்த வீட்டில் கை நீட்டக் கூடாது என்று எங்கள் அப்பன் சொல்லி வளர்த்தது. தங்கச்சியை உங்களுக்குக் கொடுத்த நாளிலிருந்து, அவள் தட்டில் போட்டால் சாப்பிடுவேன். தண்ணீர் வேண்டும் என்றுகூட நானாகக் கேட்டதில்லை.

உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப் படுத்த பிறகு தினமும் வந்தேன். கால் பிடித்துவிட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தேன். ஊரில் எல்லோரும் மெச்சினார்கள். மச்சான் என்றால் இப்படி இருக்கணும் என்றார்கள். நான் உங்களுக்காகத்தான் வந்தேன், அதில் பொய் இல்லை. ஆனால் வரும்போதும் போகும்போதும் கண் பின்பக்கத்து மாட்டுக்கொட்டாய்க்குப் போனது. சாக்குப் போட்டு மூடி அங்கேதான் நின்றது சைக்கிள். ஒரு மத்தியானம் நீங்கள் கண் அயர்ந்திருந்த நேரம் பார்த்து சாக்கை எடுத்தேன். சீட்டை என் உயரத்துக்கு இறக்கினேன். கொட்டாயைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். பிறகு சீட்டைப் பழையபடி ஏற்றி, சாக்கையும் போர்த்திவிட்டு வந்து உங்கள் காலடியில் உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே நான் உங்கள் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. சாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு சாயங்காலம், பேச்சோடு பேச்சாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"சும்மாத்தான் கேக்கறேன். அந்தச் சைக்கிளுக்கு எவ்ளோ காத்து வெக்கறதுங்க மாப்ள?"

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். உதடு மட்டும் அசைந்தது. பிறகு சொன்னீர்கள்: "முன்னாடி இருபத்தி நாலு. பின்னாடி முப்பத்தி ரெண்டு."

முப்பது அல்லவா வைப்பீர்கள். மருந்து மயக்கத்தில் தப்பிப்போய்விட்டது என்று எண்ணிக்கொண்டேன். வெளியே வந்து தங்கச்சியிடம், "பாவம் புள்ள, காத்துக் கணக்குகூட மறந்துபோச்சு அவருக்கு" என்று சொன்னேன்.

உங்கள் காரியம் முடிந்த பிறகு அவளே சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். "கொட்டாயில துருப் புடிக்குதுண்ணா, எடுத்துக்க." வேண்டாம் என்றேன். மறுபடியும் வேண்டாம் என்றேன். அவள் சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள். ஊர் பார்க்கட்டும் என்று சில நாள் தொடாமல் வைத்திருந்தேன். பிறகு பின்னால் கேரியர் வைத்து, இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கவிட்டு ஓட்ட ஆரம்பித்தேன்.

காற்று முப்பது, முப்பத்திரண்டுதான் வைத்தேன். படுக்கையில் நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை. சரளையில் முன் சக்கரம் ஒரு நிலையில் நிற்காது. துள்ளும், ஒதுங்கும். போன மழைக்கு, தேக்கு மரத்து இறக்கத்தில் முன் சக்கரம் அப்படியே வழுக்கி, நான் ஒரு பக்கமும் பால் ஒரு பக்கமுமாக விழுந்தோம். செம்மண்ணில் பால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஆசைப்பட்ட பொருள் அடிக்கிறது என்று தோன்றியது. அது எனக்குத் தகும் என்றுகூடத் தோன்றியது.

நேற்றுதான் தருமபுரிக்குப் போனேன். கியர் சைக்கிள் கடையில் உங்கள் பழைய டயர்களைக் காட்டி, அதே மாதிரி ஜோடி கேட்டேன். கடைக்காரர் மகள் எடுத்துக் கொடுத்தாள். எவ்வளவு காற்று வைக்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"உங்களுக்கா தாத்தா? எத்தன கிலோ இருப்பீங்க?"

"அம்பத்தி நாலு."

"பின்னாடி எதாவது ஏத்துவீங்களா?"

"பாலு. கேனோட இருபது கிலோ வரும்."

"அப்படின்னா பின்னாடி முப்பது, முப்பத்தி ரெண்டு சரி. முன்னாடி அவ்ளோ எதுக்கு? இருபத்தி நாலு போதும். ஆளு எடைக்குத் தகுந்த மாதிரிதான் தாத்தா காத்து."

எண்பது கிலோ ஆளுக்கு, பின்னால் சுமை இல்லாமல் எவ்வளவம்மா என்று கேட்டேன். "முப்பது, முப்பத்தி ரெண்டு" என்றாள். அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வேண்டுமா தாத்தா என்று அந்தப் பெண் கேட்டது.

நீங்கள் ஒருநாளும் பால் ஏற்றியதில்லை மாப்பிள்ளை. பால் என்னுடையது. கண்ணை மூடிக்கொண்டு நீங்கள் என்னை எடை போட்டிருக்கிறீர்கள். என் பாலையும் எடை போட்டிருக்கிறீர்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி, டயரைத் தோளில் மாட்டியபடியே நேராக உங்கள் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சைக்கிள் மேல கண்ணு வெச்சிருந்தது அவருக்குத் தெரியுமா?"

அவள் தலை நிமிரவில்லை. "கொட்டாயச் சுத்திச் சுத்தி வந்தியே, அன்னிக்கே தெரியும். 'உங்கண்ணன் கியரைக் கண்டபடி போடறாரு, செயினு கத்துது கேளு'ன்னு படுத்துக்கிட்டே சொன்னாரு."

"நீயாச்சும் எங்கிட்ட சொல்லி இருக்கலாமில்ல?"

"என்னன்னு சொல்றது? எடுத்துக்கண்ணான்னு சொன்னா நீ அப்பறம் இந்த வூட்டுப் பக்கமே வந்திருக்க மாட்ட. உன் ரோசம் எனக்குத் தெரியாதா? அவரும் அதுக்குத்தான் வாயத் தொறக்கல. 'ஒரு வார்த்த கேட்டாருன்னா என் கையால குடுத்துடுவேன், கேக்க மாட்டேங்கறாரே'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கடைசியில நீ காத்து எவ்ளோன்னு கேட்ட பாரு, அன்னிக்கு ராத்திரி அவ்ளோ சிரிச்சாரு."

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆசைப்பட்டதுதான் பாவம் என்று இத்தனை நாளும் உள்ளுக்குள் வைத்து வெந்துகொண்டிருந்தேன். ஆசையை நீங்கள் பாவமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து நிற்க முடியாத மனிதருக்கு, கையில் கொடுக்க ஒரே ஒரு பொருள் மிச்சம் இருந்தது. வாங்க ஆள் தினமும் காலடியிலேயே உட்கார்ந்திருந்தான். கேட்காமல் இருந்தது மரியாதை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். திருடன் மாதிரி ஓட்டிப் பார்க்கத் தெரிந்தவனுக்கு, கொடுங்கள் என்று ஒரு சொல் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நீங்களோ எனக்குக் காற்றுக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதையும் மயக்கம் என்று தள்ளிவிட்டேன்.

நாளைக் காலை டயரை மாட்டிவிடுவேன். முன்னுக்கு இருபத்து நாலு, பின்னுக்கு முப்பத்திரண்டு. பட்டன் தேயத் தேய மாற்றுவேன். என் கால் ஓடுகிற வரைக்கும் அந்தக் கணக்கு மாறாது.

நேற்று உங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது வாசல் வரை போனவன் நின்றேன். திரும்பி, "கொஞ்சம் மோர் குடு புள்ள" என்றேன்.

தங்கச்சி காது கேட்காதவள் மாதிரி என்னைப் பார்த்தாள். "என்னண்ணா?"

"மோர் கேட்டேன்."

அவள் மடியிலிருந்த அவரைக்காயைக் கொட்டிவிட்டு உள்ளே ஓடினாள். சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே முழுக்கக் குடித்தேன். நீங்கள் படுத்திருந்த பக்கம் மட்டும் நான் திரும்பவில்லை.