கடையில் நிக்கிற ஆள்

மார்ச் 4, செவ்வாய்
குளிர். மழை இல்லை. லண்டனிலை பென்சன் எடுத்து, பிரான்சுக்கு, லா சப்பலிலை தங்கச்சி ராசி வீட்டுக்கு வந்து வருசம் ஆகப்போகுது. விசா முடியுது. இனி இருக்கிறதெண்டால் வதிவிட அட்டை வேணும். வியாழன் அதுக்குப் பிரிபெக்சர் கந்தோரிலை நேர்காணல். கிடைக்காட்டில் திரும்பி லண்டன் குரொய்டனிலை தனிய நானும் ஹீட்டரும்தான். பயமில்லை. லண்டன் பஸ் டிப்போவிலை நான் தலையாட்டாமல் ஒரு பஸ் வெளிக்கிட்டதில்லை.

இஞ்சத்தைச் சனம் நீட்டுப் பாணைக் கக்கத்திலை வச்சுக்கொண்டு போகுது. பை இல்லை. ஏன்? விசாரிக்க.

மார்ச் 5, புதன்
மச்சான்ரை மரக்கறிக்கடை, ரூ பிலிப்-து-ஜிரார். கல்லாப்பக்கம் நிண்டன். ஒரு மனிசி, "அண்ணை, நீங்களோ முதலாளி?" "ஒரு மாதிரி ஓம்."
மச்சான்: "கத்தரிக்காயை அமத்தாதேங்கோ அண்ணை. வீட்டை போய் டீவி பாருங்கோ."
பாண் விசயம்: சூட்டோடை நுனியைக் கடிச்சுக்கொண்டு நடக்கத்தானாம். கடிச்சன். உண்மை.

மார்ச் 6, வியாழன்
மொழிபெயர்க்க ராசியின்ரை மகள் நிரோ. "மாமா, கேட்டதுக்கு மட்டும் பதில்." ஆனால் கந்தோர் மடாம் இங்கிலீசிலையே கேட்டா, பகலிலை என்ன செய்வீங்கள் எண்டு. விடுவனோ? "மச்சான்ரை கடையை நான்தான் நடத்திறன். நான் இல்லாட்டில் பூட்டவேண்டியதுதான்."
மடாம் கம்பியூட்டரிலை தட்டுறதை நிப்பாட்டினா. நிரோ என்ரை காலை மிதிச்சாள். விசா எடுக்கேக்கை, பிரான்சிலை ஒரு வேலையும் செய்யமாட்டன் எண்டு கையெழுத்து வச்சனானாம். ஆர் வாசிச்சது?
நிரோ பிரெஞ்சிலை மூச்சு விடாமல் கதைச்சாள். மடாம் என்னைப் பாத்தா. "நீங்கள் அங்கை சும்மா நிக்கிறதாம், அவையள் வீட்டை போகச் சொல்லுறவையாம். உண்மையோ?"
பிறந்ததிலை இருந்து அப்பிடி ஒரு பதில் என்ரை வாயிலை வந்ததில்லை. ஹீட்டர் கண்ணுக்கை நிண்டுது.
"ஓம் மடாம். சும்மா நிண்டு கதைக்கிறனான். என்னாலை ஒரு உதவியும் இல்லை."
திருப்பித் தட்டத் தொடங்கினா. அட்டை வருமாம்.
ரெயிலிலை நிரோ சிரிச்சபடி. நான் யன்னலைப் பாத்தன்.

மார்ச் 8, சனி
வெயில். கடை வாசலுக்கு வெளியிலை நிண்டன். புறநகர் லெ பிளாங்-மெனிலாலை சாமான் வாங்க வந்த ஒருத்தர், "என்ன அண்ணை, வேலையோ?"
"நான் கை வைக்கக்கூடாதெண்டு பிரெஞ்சு அரசாங்கமே தடுத்து வச்சிருக்கு. எல்லாருக்கும் அப்பிடிச் செய்யிறேல்லை."
மனிசன் ஒரு அடி பின்னாலை போய், மரியாதையாப் பாத்தார்.
அந்த நேரம் பாத்து உள்ளுக்கை இருந்து மச்சான், இவ்வளவு நாளிலை முதல்தரம்: "அண்ணை, இந்த முருங்கைக்காய்ப் பெட்டியிலை ஒரு கை பிடியுங்கோ."
கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நிண்டன்.