ரொட்டிக்கடைக் கண்ணாடி

என் பின்பாதிக்கு,

நேற்று பொத்தேரியில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பென்ஷன் ஆபீசில் ஏதோ நகல் கேட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள். தடிமனான புத்தகம் ஒன்றைக் கடைக்காரரிடம் நீட்டி, "அண்ணா, இத சரிபாதியா கட் பண்ணி ரெண்டா பைண்ட் போட்டுக் குடுங்க" என்றார்கள். அவர் ஏன் என்று கேட்கவே இல்லை. இயந்திரத்தில் வைத்து ஒரே அழுத்து. பிறகு முதுகில் பசை தடவினார். அந்தப் பசை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக நின்று சிரிக்கும் கிழவியைப் பார்த்து அந்தப் பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள்.

நீ பக்கத்தில் இருந்திருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பாய். நீ போய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் உன்னிடம் சொல்ல எவ்வளவோ சேர்ந்துவிட்டது. இருந்தாலும் இன்று பழைய கதையைத்தான் சொல்லப்போகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். என் வாயால் நீ அதை முழுதாகக் கேட்டதில்லை, எப்போதும் நடுவில் புகுந்து நீயே சொல்லிவிடுவாய்.

அறுபதுகளின் கடைசி. நாம் ஒரே கல்லூரியில் பி.யு.சி. சேர்ந்த புதிது. ஆங்கிலத்துக்குத் துணைப்பாடமாக ஒரு சிறுகதைத் தொகுப்பு வைத்திருந்தார்கள். கடையில் தீர்ந்துபோய்விட்டது என்று மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் தேடிக்கொண்டு வந்தேன். கடைசிக் கடையில் ஒரே ஒரு பிரதி. நான் கை வைத்த அதே நேரம் இன்னொரு கையும் அதன்மேல் விழுந்தது. தாம்பரம் ரயிலில் தினமும் பார்க்கிற முகம். பேசியதில்லை.

"ஒண்ணுதாம்மா கீது. ரெண்டு பேரும் இப்டி இஸ்துகினு நின்னா கிழிஞ்சிடும், யாருக்குன்னு சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

"நீங்களே கிழிச்சுக் குடுத்துடுங்க" என்றாய் நீ.

"புக்கை வெட்டச் சொல்ற பொண்ண இப்பதான் பாக்கறேன்" என்று முனகிக்கொண்டே அவர் தையலைப் பார்த்துக் கத்தியை இறக்கினார். முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கு. பாதி வருடம் போனதும் மாற்றிக்கொள்வதாக ஒப்பந்தம். அன்றிலிருந்து நான் உனக்கு முன்பாதி, நீ எனக்குப் பின்பாதி. என் கல்யாணப் பத்திரிகையில் பெயரைப் பார்த்துவிட்டு "இது யாருடி?" என்று கேட்டவள் நீ.

அந்தக் கதைகளை நினைவிருக்கிறதா? எல்லாம் குளிர் தேசத்துக் கதைகள். தம்பி படிக்க வேண்டும் என்று தன் கப்பல் கனவை விட்டுக்கொடுக்கிற அண்ணன். மாளிகை கட்டப்போய் வயலை இழக்கிற பேராசைக்காரன். நடுவில் இருந்தது கண்ணாடிக் கதை. ஆற்றங்கரை ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு விதவைக்குத் தங்கச் சட்டம் போட்ட பெரிய கண்ணாடி ஒன்றின் மேல் ஆசை. அரை வயிறு சாப்பிட்டு, குளிருக்கு விறகு வாங்காமல் மிச்சம் பிடித்து, கடைசியில் அதை வாங்கிவிடுகிறாள். படகில் ஏற்றிக்கொண்டு வருகிறாள். அந்த இடத்தில்தான் கத்தி விழுந்திருந்தது. என் பாதி நடு ஆற்றிலேயே முடிந்துவிட்டது.

நம் ஆங்கில ஆசிரியை "துணைப்பாடத்தை நீங்களே படிச்சுக்குங்க" என்று சொல்லிக் கைகழுவிவிட்டார். அந்த வருட மழையில் உங்கள் சேலையூர் வீடு ஒழுகி உன் பாதி நனைந்தது. உலர்த்துகிறேன் என்று நீ அதை இட்லிப் பானை மூடிமேல் வைத்தாய். வைத்துவிட்டு வாசலில் வளையல்காரரிடம் பேரம் பேசப் போனாய். திரும்பி வந்தபோது உன் அம்மா, அடுப்பில் சரிந்து விழுந்து பாதி எரிந்த இலக்கியத்தின்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தேறாவிட்டால் படிப்பு போதும் என்று அப்பா சொல்லியிருந்தார். செங்கல்பட்டில் ஒரு மாப்பிள்ளை வேறு தயாராக இருந்தார். நான் ஆங்கில ஆசிரியை ஆக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்திருந்தேன், அதை வெளியே சொல்லத்தான் தைரியம் இல்லை. நீயோ, "அழாதே, எல்லாக் கதையும் எனக்கு மனப்பாடம். ரயில்ல சொல்றேன்" என்றாய்.

சொன்னாய். பெண்கள் பெட்டியில், ஜன்னலோரம் உட்கார்ந்து, குரோம்பேட்டையில் ஆரம்பித்தால் எழும்பூர் வருவதற்குள் ஒரு கதை. பூ கட்டிக்கொண்டு வருகிற அம்மாக்கள்கூட நூலை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பேராசைக்காரன் வயலை இழந்தபோது ஒரு அம்மா, "நல்லா வோணும் அவனுக்கு" என்றார். நீ உடனே சண்டைக்குப் போனாய். "ஆசைப்படறது தப்பாக்கா? இந்தக் கதை எழுதறவங்க எல்லாருக்கும் இதே வேலை. யாராவது எதையாவது ஆசையா கேட்டா உடனே தலையில குட்டறாங்க."

நீ அப்படித்தான். ஆசையை ஒளிக்கத் தெரியாது. எதிரில் இருப்பவளின் நைலான் புடவையைத் தொட்டுப் பார்த்து "எங்க வாங்கினீங்க?" என்று கேட்பாய். ஒரு லேடீஸ் சைக்கிளுக்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தாய். முதல் வகுப்பில் தேறினால் வாங்கித் தருவதாக உன் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். சேலையூர் தெருவில் எந்தப் பெண்ணும் அதுவரை சைக்கிள் ஓட்டியதில்லை. நீ ரயிலில் உட்கார்ந்தபடியே பெல் அடித்துக் காட்டுவாய்.

கண்ணாடிக் கதையின் முடிவையும் சொன்னாய். அவள் கண்ணாடியைக் கொண்டுபோய் ரொட்டிக்கடையில் மாட்டுகிறாள். முகம் பார்க்க ஊர்ப் பெண்கள் எல்லாம் வருகிறார்கள், வந்தவர்கள் சும்மா போகக் கூச்சப்பட்டு ரொட்டி வாங்கிப் போகிறார்கள், வியாபாரம் ஓஹோ என்று நடக்கிறது. அந்த அம்மா மறுபடி பூ கட்ட ஆரம்பித்தபடி, "இத்தான் கதை" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பரீட்சையில் அந்தக் கதைதான் வந்தது. வீண் பகட்டை ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்று விளக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கேள்வியே கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. இருந்தாலும் தயங்கவில்லை. கண்ணாடியால் ரொட்டி வியாபாரம் பெருகிய கதையைப் பக்கம் பக்கமாக எழுதினேன். பகட்டுகூடச் சில சமயம் பசி தீர்க்கும் என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்து அடிக்கோடும் போட்டேன்.

வெளியே வந்தால் மரத்தடியில் பெண்கள் விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொன்னாள்: கண்ணாடியை இறக்கி வைத்துப் பார்க்கிறாள், பட்டினி கிடந்து வற்றிப்போன தன் முகம் தெரிகிறது, சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு அதன்பின் அதைப் பார்ப்பதே இல்லை. திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"மத்ததெல்லாம் கரெக்டாத்தான்டி சொன்னேன். கண்ணாடிக்காரி மேலதான் கை வெச்சிட்டேன். என்ன பெருசா கேட்டா அவ, ஒரு கண்ணாடிதானே? மனசு கேக்கல. பரீட்சைக்கு முன்னாடி நெசத்தை சொல்லிடணும்னுதான் இருந்தேன், மறந்தே போச்சு."

"நீ மட்டும் சரியா எழுதிட்டு வந்துட்டே, இல்ல?" என்று கத்தினேன்.

"இல்லடி. நானும் ரொட்டி வித்ததாத்தான் எழுதியிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. நீ விளக்கினாய். கேள்வியைப் பார்த்ததுமே, முன் பெஞ்சில் குனிந்து நான் என்ன எழுதிக்கொண்டிருப்பேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. "ஒருத்தி எழுதினா உளறல். ரெண்டு பேர் ஒரே மாதிரி எழுதினா, திருத்தறவர் கொஞ்சம் யோசிப்பாருல்ல? வேற பதிப்புல இப்படித்தான் இருக்குமோன்னு நெனைப்பாரு. நம்ம நம்பர் ரெண்டும் அடுத்தடுத்து. ஒரே கட்டுலதான் போகும்."

உன் முதல் வகுப்பு, உன் சைக்கிள் எல்லாவற்றையும் தெரிந்தேதான் பணயம் வைத்து எழுதியிருக்கிறாய். அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது.

"பக்கத்து பக்கத்து நம்பர், ரெண்டும் ஒரே தப்பு. காப்பி அடிச்சாங்கன்னு ரெண்டு பேரையும் டிபார் பண்ணிட்டா?"

உன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஐயையோ! அத யோசிக்கலையேடி" என்றாய். அதற்கப்புறம் நாம் சிரித்த சிரிப்பில் காவல்காரர் வந்து விரட்டினார். பயத்தில் சிரித்தது பாதி. மீதி என்னவென்று இன்றுவரை தெரியவில்லை.

ரிசல்ட் வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. பத்திரிகை வந்த அன்று என் எண் இருந்தது. ஆங்கிலத்தில் ஏதோ மயிரிழையில் தேறியிருந்தேன். திருத்தியவர் உண்மையிலேயே வேறு பதிப்பு என்று நம்பினாரோ, அவருக்கும் அந்த முடிவு பிடித்திருந்ததோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். உன் எண்ணும் இருந்தது. ஆனால் முதல் வகுப்பு வரிசையில் இல்லை.

உன் வீட்டுக்கு ஓடி வந்து அழுதேன். எனக்காக எவ்வளவு பெரிய தியாகம் செய்துவிட்டாய் என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை நீ.

"தியாகம் கீகம்னு சொன்னே, பல்லைத் தட்டிடுவேன். சைக்கிள் மேல இருக்கற ஆசை ஒண்ணும் போயிடல. அப்படியேதான் இருக்கு. வா என்கூட."

என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனாய். உன் அப்பா அங்கே வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒன்று விடாமல் சொன்னாய், கத்தியால் வெட்டியது முதல் பரீட்சை வரை. என்னைச் சாட்சிக்கு நிறுத்தியிருந்தாய். நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு யோசித்தார்.

"அப்போ கதைய மாத்தி எழுதிட்டு வந்துகீற."

"ஆமாம்பா."

"நீ எழுதினதுல அந்தப் பொம்பள ரொட்டிய வித்துட்டாளா இல்லியா?"

"நிறைய வித்துட்டாப்பா."

"அந்தப் பொண்ணும் பாஸாயிடுச்சு?" என்று என்னைக் காட்டினார். ஆமாம் என்றாய். "அப்புறம் இன்னா, வாங்கிக்க. அடுத்த வீட்டுக்காரன் கேட்டா பஸ்ட் கிளாஸுன்னு சொல்லிடறேன். நானும் கொஞ்சம் மாத்திக்கறேன்" என்றார்.

பச்சை நிற சைக்கிள் வந்தது. திருநீர்மலைச் சாலையில் எனக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்று பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாய். பிடித்திருக்கிறேன், பிடித்திருக்கிறேன் என்று கத்தியபடியே கையை விட்டாய். ஏரிக்கரைப் பக்கம் சேற்றில் விழுந்து எழுந்தேன். என் வெள்ளைப் பாவாடை அத்தோடு போயிற்று. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் விழுந்ததே இல்லை.

நான் ஆசிரியை ஆனேன். அந்தக் கண்ணாடிக் கதையை நானே நடத்தவேண்டி வந்தபோது முதலில் புத்தகத்தில் உள்ளபடி நடத்துவேன். பிறகு புத்தகத்தை மூடச் சொல்லி உன் முடிவைச் சொல்வேன். கடைசி பெஞ்சுவரை நிமிர்ந்து உட்காரும். பரீட்சையில் மட்டும் இதை எழுதிவிடாதீர்கள் என்று மறக்காமல் சொல்லிவிடுவேன்.

நீ கடைசிவரை மாறவில்லை. ஃபிரிட்ஜ் வேண்டும், ஊட்டி பார்க்க வேண்டும், பேரனுக்குப் போட்டியாகக் கூலிங் கிளாஸ் வேண்டும். கேட்டாய், கிடைத்தால் குதித்தாய், கிடைக்காவிட்டால் மறுபடி கேட்டாய். நான் எதிர்த் திசையில் போனேன். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்பதையே ஒரு பட்டம்போலச் சுமந்துகொண்டு அலைந்தேன். ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்த அன்றும் சாம்பல் நிறக் காட்டன் புடவையில்தான் வந்தேன். நீ மூக்கில் குழாயோடு என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"ஒண்ணும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு சொல்லிக்கிட்டுத் திரியறியே, அதுல உனக்கு எவ்ளோ பெருமைன்னு தெரியுமாடி? அந்த ரொட்டிக்கடைக்காரிக்குக்கூட அவ்ளோ கெடையாது."

கோபம் வந்தது எனக்கு. சாகக் கிடக்கிறவளிடம் சண்டை போடக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். நீ போனபிறகு அந்த வார்த்தை மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. நீ இல்லாத வருத்தம் எனக்கு நிறைய இருக்கிறது. அதைவிட, நீ சொன்னது சரி என்று உன்னிடம் ஒப்புக்கொள்ள முடியாமல் போன எரிச்சல்தான் அதிகம்.

நேற்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திரும்பும்போது தாம்பரத்தில் இறங்கி, மார்க்கெட் பக்கம் ஒரு புடவைக் கடைக்குள் நுழைந்தேன். விற்கிற பெண் என் நரையைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வெளிர் நிறங்களாக எடுத்துப் போட்டாள். வழக்கமாக நான் மேலே இருப்பதை எடுத்துக்கொண்டு போதும் என்பேன். நேற்று அவள் முதுகுக்குப் பின்னால் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு இருந்தது. என் கண் அதைவிட்டு நகரவில்லை. "அதைக் காட்டும்மா" என்றேன். "யாருக்கும்மா, மருமகளுக்கா?" என்றாள். "எனக்குத்தான்" என்றேன். சொன்னபோது காது சூடானது, கல்யாணப்பெண் மாதிரி.

வாங்கிவிட்டேன். பையைப் பிரிக்காமலே, அந்தக் கதைகளில் வருவதுபோல ஆசைக்குத் தண்டனையாக ஏதாவது நடக்கும் என்று இரவு முழுக்கப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் பிரித்து மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நாளை ஞாயிறு. ஆராதனைக்கு இதைத்தான் கட்டிக்கொண்டு போகப்போகிறேன். இந்த வயதில் இது எதற்கு என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். எனக்கு ஆசையாக இருந்தது என்று சொல்லிவிடுவேன்.