இப்திஹாலுக்கு நீ எழுதிய நான்கு வரி

அன்பு மகன் ஸுஹைருக்கு, கெபிலியிலிருந்து உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் சாந்தி உன் மேலும் உன் வீட்டின் மேலும் இறங்கட்டும். இங்கே அவன் கிருபையில் எல்லோரும் சுகம், உன் வாப்பாவின் முழங்காலைத் தவிர. ஈச்சங்குலை இறக்கும் நாள் வந்துவிட்டது, மரம் ஏற முடியாதே, வீட்டில் இருங்கள் என்றால் கேட்கிறாரா, கீழே நின்று கத்துவதற்காவது போகிறேன் என்று போய்விட்டார். உனக்கு மிளகாயும் பூண்டும் போட்டு ஹரிஸா இடித்து வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புவேன். அங்கே பனி தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இது உன் தங்கை ரீம் போனில் படம் பிடித்து அனுப்பப் போகும் கடிதம், பெரிதாக்கி முழுக்கப் படி, நடுவில் விட்டுவிட்டு வேலையாக இருந்தேன் உம்மா என்று சொல்லாதே.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை பக்கத்து வீட்டு மொங்கியின் மகள் இப்திஹால், நீ இங்கே பள்ளியில் வாத்தியாராக இருந்தபோது உன்னிடம் இரண்டு வருடம் வேதியியல் படித்த பெண், உதவித்தொகை விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். வியாழக்கிழமை கடைசி நாள், ரீம் அன்றைக்கு நகரத்து அலுவலகத்துக்குப் போகும்போது சேர்த்துவிடுவாள். தண்ணீரைப் பற்றிய படிப்பு. நம் மாவட்டத்துக்கு ஒரே ஒரு இடம்தான். அது கிடைக்காவிட்டால் மொங்கியால் படிக்க வைக்க முடியாது, பேரீச்சம்பழம் அடைக்கும் கொட்டகையில் அவள் பெயரை ஏற்கெனவே கொடுத்து வைத்திருக்கிறான். உறையில் இரண்டு சிபாரிசுக் கடிதங்கள் இருந்தன. ஒன்று பழ வியாபாரி ஹாஜி பெல்காசிம் எழுதியது, பெரிய மனிதர் கையெழுத்து வேண்டும் என்று மொங்கி நடையாய் நடந்து வாங்கியது. ஒரு முழுப் பக்கம். பாட்டனாரின் நாணயம், தகப்பனின் ஈமான், குடும்பத்தின் கண்ணியம் எல்லாம் இருக்கிறது, பெண்ணின் பெயர்தான் இல்லை. சரி, அவருக்கு அவளைப் பற்றி என்ன தெரியும், பாவம். என் மகன் எழுதியிருப்பான் என்று அடுத்ததை எடுத்தேன்.

ஒழுக்கமான மாணவி. நேரம் தவறாதவள். வகுப்பில் அமைதியானவள். இறைவன் நாடினால் வெற்றி பெறுவாள். இவ்வளவுதானா ஸுஹைர்? நானே எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவள், எனக்கே ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. நேரம் தவறாதவளாம், நம் வீட்டுச் சேவலும் அப்படித்தான். அமைதியானவளாம்! அந்தப் பொண்ணு கேள்வி கேட்டே என் உயிர எடுக்குறா உம்மான்னு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது யார், நானா? என் கணக்குப் புத்தகத்தில்கூட ஆலிவ் எண்ணெய் வாங்கியது, நல்லது என்று நான் எழுதுவதில்லை. எந்தச் செக்கு, எந்த மாதத்துக் காய், தொண்டையில் காரம் பிடித்ததா என்று எழுதுவேன். இல்லாவிட்டால் அடுத்த வருடம் எதைப் பார்த்து வாங்குவது?

நேற்று போனில் கேட்டால் சிரிக்கிறாய். நீங்கதானே உம்மா, பிள்ளைங்கள ரொம்பப் புகழாத, கண்ணு பட்டுரும்னு சொல்லி வளத்தீங்க, அதான் அளவா எழுதுனேன்னு சொல்கிறாய். அடுப்பில் ரொட்டி கருகியது, இல்லாவிட்டால் அப்போதே வாங்கியிருப்பாய். அது தொட்டில் பிள்ளையின் கன்னத்துக்குச் சொன்னதடா, விண்ணப்பத்துக்கா சொன்னேன்? அவள் முகத்தையே பார்த்திராதவர்கள் படிக்கும் காகிதத்தில் நீ சொல்லாவிட்டால் யார் சொல்வது? வெற்றி தருவது அவன் நாட்டம். நீ கண்ணால் கண்டதைச் சொல்வது உன் கடமை. சாட்சியை மறைப்பது பாவம் என்று உனக்கு ஓதிக் கொடுத்ததும் நான்தான், அது மட்டும் மறந்துபோச்சா?

கிணற்றுத் தண்ணீர் விஷயத்தை ஏன் எழுதவில்லை? தோட்டத்துக் கிணறுகளில் உப்பு எவ்வளவு என்று அவள் அளந்து பள்ளிச் சுவரில் ஒட்டினாள், உப்பு குறைந்திருக்கிறது என்று தோட்டக்காரர்கள் எல்லோரும் அவளைக் கொண்டாடினார்கள். பிறகு அவளே வகுப்பில் எழுந்து, சார், என் கணக்கு தப்பு, புட்டியில மழைத்தொட்டித் தண்ணி மிச்சம் இருந்திருக்கு, அதைக் கிழிச்சிருங்கன்னு சொல்லிவிட்டு, ஒவ்வொரு கிணறாகப் போய் மறுபடி மொண்டு வந்தாளே. யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு நீ கையில் எடுத்த குஸ்குஸை வாயில் போடாமல், அந்த வயசுல எனக்கு இந்தத் துணிச்சல் இல்ல உம்மான்னு சொன்னாய். அதை அப்படியே எழுது. தப்பு செய்தாள் என்பதையும் எழுது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் என்னிடம் சொன்னது கடிதத்தில் இல்லாமல் போனால் நீ படித்த படிப்பு எதற்கு?

இன்று காலை அவள் வந்தாள். மாமி, சார் கடிதம் நல்லா இருக்குல்ல, எனக்குன்னு நேரம் ஒதுக்கி எழுதிருக்காருன்னு சந்தோஷமாகக் கேட்டாள். சார் முத்திரை வைக்க மறந்துட்டாரும்மா, முத்திரை இல்லாம வாங்க மாட்டாங்க, வேற அனுப்புறாருன்னு சொல்லிவிட்டேன். முத்திரை யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை நோன்பு வைத்த வாயால் உனக்காகப் பொய் சொல்லியிருக்கிறேன். இப்தார் வரை தஸ்பீஹ் மணியைக் கையில் வைத்துக்கொண்டு தவ்பா செய்யப் போகிறேன்.

அதனால் புதன்கிழமைக்குள் ரீமின் போனுக்குப் புதுக் கடிதம் வர வேண்டும், அவள் அச்செடுத்துக்கொள்வாள், நீ இப்போது வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்து முத்திரையோடு, அந்த வார்த்தையாவது மெய்யாகட்டும். உன் நான்கு வரியை மாவுப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன், அது அங்கேயே இருக்கட்டும். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும், முக்கியமாக இரண்டாவதை. தொழுகையை விடாதே. அவளைத் தாராளமாகப் புகழ், பயப்படாதே. கண் படாமல் ஓதி ஊதிவிட நான் இருக்கிறேன்.

கோபத்தோடும் துஆவோடும்,
உன் உம்மா மப்ரூக்கா