தின்று தீர்த்த ஓட்டு

அன்புள்ள கலைப்பிரியாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. திண்டிவனத்தில் நானும் உன் அம்மாவும் சுகம். போபாலில் நீயும் சுகம்தான், நேற்று போனில் எனக்குப் பாடம் எடுத்த குரலிலேயே தெரிந்தது, அதனால் தனியாக விசாரிக்கவில்லை. கேப்பை மாவும் எள்ளுருண்டையும் பார்சலில் வருகின்றன, அதோடு இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், எனக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது.

நகரத் திட்டம் படிக்கிறேன் பேர்வழி என்று ஒரு யோசனை அனுப்பினாயே, வார்டுக்கு வரும் பணத்தில் எந்த வேலையை முதலில் செய்வது என்று ஜனங்களே ஓட்டுப் போட்டுச் சொல்லட்டும் என்று, அதற்குக் கவுன்சிலர் செண்பகம் அக்கா சரி சொல்லிவிட்டார். நிஜ ஓட்டு வரும் ஞாயிறு. போன ஞாயிறு சமுதாயக் கூடத்தில் ஒத்திகை வைத்தோம். மூன்று பிஸ்கட் டப்பா. ஒன்றில் நான் லெவல் பார்த்து வரைந்த மழைநீர்க் கால்வாய், ஒன்றில் மார்க்கெட் பக்கம் பெண்களுக்குக் கழிப்பறை, ஒன்றில் பூங்கா என்று படம் ஒட்டியிருந்தோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் போடும்படி சீட்டுக்குப் பதில் ஏதாவது கொட்டை கொடுங்கள் என்று எழுதியிருந்தாய். எந்தக் கொட்டை என்று எழுதினாயா? விழுப்புரத்தில் சைட் வேலையை முடித்துவிட்டு ஓடி வருகிறவன் நான், விக்கிரவாண்டியில் வண்டிக்காரரிடம் தோலோடு வறுத்த வேர்க்கடலை, அதுதான் நம்ம மல்லாட்டை, வாங்கி வந்து ஆளுக்கு மூன்று கொடுத்தேன். கால்வாயில் தண்ணீர் ஓடுகிற வாட்டத்தை நான் விளக்கி முடிப்பதற்குள் ஜனங்கள் ஓட்டைத் தின்றுவிட்டார்கள். டப்பாவைத் திறந்தால் பாதிக்கு மேல் வெறும் தோல். அரிசிக்கடை கிருஷ்ணசாமி விடவில்லை, தோலையும் எண்ணுப்பா, தோல் உள்ள இருக்குதுன்னா ஓட்டு உழுந்துதுன்னுதானே அர்த்தம் என்று ஒரே சண்டை. நீ இனிமேல் திட்டம் போட்டால் தின்ன முடியாத கொட்டை என்று தெளிவாகப் போடு. இந்தத் தடவை புளியங்கொட்டை.

எப்படியோ எண்ணியதில் கால்வாய்தான் முன்னால் இருந்தது. எனக்குச் சந்தோஷம். மழை வந்தால் வீட்டுக்குள் வருகிற தண்ணீருக்குப் பயந்து உன் புத்தகப் பெட்டியைக் கட்டில்மேல் ஏற்றுகிறவன் நான்தானே. அப்போதுதான் உன் அம்மா எழுந்தார். காய்கறிக் கடையை அடைத்துவிட்டு வந்தது மார்க்கெட்டிலிருந்து அவர் ஒருவர்தான். ஞாயித்துக்கெழமதான் எங்களுக்கு யாவாரமே, எவ கடைய மூடிட்டு வருவா, டப்பாவ அங்க எடுத்துக்கினு வாங்க என்றார். ஓட்டுப்பெட்டி ஊர் சுத்துமா என்று கிருஷ்ணசாமி கேட்டதற்கு, காலைல எடுத்துக்கினு போற தண்ணி பாட்டில நான் ராத்திரி அப்படியே திருப்பி எடுத்துக்கினு வர்றேன், குடிச்சா எங்க போவறது, நீ சொல்லு என்றார். அந்த பாட்டிலைத் தினமும் நம் வீட்டு அலமாரியில் பார்க்கிறேன், அண்ணி சிக்கனம் என்று நினைத்திருந்தேன்.

டப்பா மார்க்கெட்டுக்கும் போகட்டும் என்று செண்பகம் அக்கா முடிவு சொன்னார். யார் தூக்கிக்கொண்டு போவது, வழியில் கொட்டை கூடினால் யார் பொறுப்பு என்று அடுத்த தகராறு. உடனே உன் அம்மா, எங்க கொழுந்தன் தூக்கட்டும், அவரு கால்வா கட்சி, எங்களுக்காக ஒரு கொட்டகூடப் போட மாட்டாரு என்றார். கூடமே கை தட்டியது. கொடுத்தது பாராட்டா திட்டா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை, நீ படித்தவள், நீ சொல்.

ஆக ஞாயிறு காலை, என்னைத் தோற்கடிக்கப்போகிற டப்பாவை என் பைக்கிலேயே கட்டிக்கொண்டு கடை கடையாகப் போகிறேன். மார்க்கெட்டில் எத்தனை பெண்கள் என்று எனக்குக் கணக்குத் தெரியும், ஜெயிக்க வழியில்லை. ஆனாலும் என் மூன்று கொட்டையும் கால்வாய்க்குத்தான், அதில் மாற்றமில்லை, உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். புத்தகப் பெட்டியை இன்னொரு மழைக்கும் தூக்கிக்கொள்கிறேன்.

நன்றாகப் படி, சீக்கிரம் ஒரு நல்ல வேலையில் உட்கார், எல்லாம் நல்லபடி நடக்கும். வகுப்பு வகுப்பு என்று ஓடாமல் நேரத்துக்குத் தண்ணீர் குடி. இதை உன் அம்மா எழுதச் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன்.

கால்வாய்க் கட்சியில் மிச்சமிருக்கும்
உன் சித்தப்பா,
புகழேந்தி