ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அது முக்கால் உண்மை, மீதிக் காலைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் போனை வைத்துவிடுவேன்.

போன ஞாயிறு நீ கூப்பிட்டபோது கடைக்குப் போயிருந்தேன் என்றேனே, அது பொய். ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில் கிடந்தேன். பதறாதே, வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பிரஷருக்கு எனக்கு மூன்று மாத்திரை. ஒன்று ரத்தக்குழாயின் இறுக்கத்தைத் தளர்த்துமாம். இன்னொன்று உடம்பில் தேங்கும் உப்பையும் நீரையும் வெளியேற்றும், அதைப் போட்டால் பாதி நாள் கக்கூஸுக்கும் நாற்காலிக்கும் நடைதான். மூன்றாவதுதான் வில்லன், நெஞ்சைப் படபடக்க விடாமல் மெதுவாகத் துடிக்க வைப்பது. நாற்பது வருஷம் ஃபேன் ரிப்பேர் பார்த்தவனுக்குப் புரியாதா, ஐந்தில் ஓடுவதை மூன்றில் வைக்கிற ரெகுலேட்டர். ஆனால் அதைப் போட ஆரம்பித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை உன் போன் அடித்தாலும் நெஞ்சு சும்மா கிடந்தது. முன்பெல்லாம் காலையிலிருந்தே அடித்துக்கொள்ளும். அம்மா போன பிறகு இந்த வீட்டில் எனக்கென்று இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான், அதையும் மாத்திரை தின்றுவிட்டதே என்று கோபம். யாரிடமும் கேட்காமல் சனி ஞாயிறு மட்டும் அதை நிறுத்தினேன். இரண்டு வாரம் நெஞ்சு நன்றாகத்தான் துள்ளியது. மூன்றாம் வாரம் நீ கூப்பிடும் முன்பே துள்ள ஆரம்பித்து நிற்கவே இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் சாய்ந்தவனை மாடி வீட்டு டிரைவர்தான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். போகும் வழியில் சட்டைப்பையில் போன் அடித்தது, நீதான் என்று தெரிந்தும் எடுக்க முடியவில்லை பாப்பா.

இந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து துள்ளும், நிறுத்துவதென்றாலும் நாங்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்று டாக்டரம்மா திட்டித் தீர்த்தார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு மறந்துவிட்டேன் என்றேன். மகள் போனுக்காக என்று எப்படிச் சொல்வது.

இப்போது ஒரு வேளையும் தவறுவதில்லை, நீயும் வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் இதில் பாதியை மட்டும் சொல். இருவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு நீ கூப்பிடுவாய் என்று அந்த மாத்திரைக்கும் தெரிந்துவிட்டது. ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் புதன்கிழமை கூப்பிடு. அது ஜெயிக்கிறதா நீ ஜெயிக்கிறாயா பார்க்கலாம்.

இப்படிக்கு,
போன் பக்கத்திலேயே இருக்கும்
உன் அப்பா